இடுப்புப் பக்க நோவுக்கு ஷொக்வேவ்: கொழும்பில் முதல்முறை போகிறவர்களுக்கு

ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் வெளிப்பக்க எலும்பு நோகிறது. பஸ் மிதிபலகையில் கால் வைத்து ஏறும்போது அதே இடம் பிடிக்கிறது. கதிரையில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பினால் முதல் நாலைந்து அடி நொண்ட வேண்டியிருக்கிறது. இந்த மூன்றோடும் டொக்டரிடம் போனால் பெரும்பாலும் 'பர்சைட்டிஸ்', அதாவது எலும்புப் பக்கத்துச் சின்ன நீர்ப்பையின் வீக்கம், என்று எழுதுவார்கள். வில்லைகளும் ஓயின்ட்மென்ட்டும் சரிவராதபோது யாராவது ஒருவர் "ஷொக்வேவ் அடித்துப் பாருங்கள்" என்பார். நோகும் இடத்தில் மெசினால் அதிர்வலை கொடுக்கும் சிகிச்சை அது. அப்படிச் சொல்லப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இதை வாசித்துவிட்டு நீங்களே நோயைத் தீர்மானிக்க வேண்டாம். டொக்டரிடம் எதைச் சொல்வது, எதைக் கேட்பது, காசை எங்கே செலவழிப்பது என்பதற்கு இது உதவும்.

முதலில், நோ எந்த இடத்தில்?

இதில் பிழைத்தால் மிச்சம் எல்லாம் பிழைக்கும். நேராக நின்றுகொண்டு, நோகும் இடத்தை ஒரு விரலால் தொடுங்கள். கை முழுவதையும் வைத்துத் தடவிக் காட்டாதீர்கள். ஒரு விரல் மட்டும். தொடையின் மேற்பகுதியில், களிசான் பொக்கட்டுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கமாக ஒரு எலும்பு முட்டிக்கொண்டிருக்கும். விரல் அங்கே போய் நின்று, அழுத்தும்போது "ஆ, இதுதான்" என்று வருமானால் இந்தக் கட்டுரை உங்களுக்கு. நோ தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்கலாம்; அதுவும் வழக்கம்தான்.

இன்னொரு சோதனை. சுவரில் ஒரு விரலை மட்டும் ஊன்றிக்கொண்டு, நோகும் பக்கத்துக் காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் அதே இடத்தில் நோ கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. வயதானவர்கள் பக்கத்தில் ஆள் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

விரல் முன்பக்கம், தொடையும் உடம்பும் சேரும் கவட்டுக்குள் போகிறதா? கால் நகம் வெட்டவும் சப்பாத்து மாட்டவும் கஷ்டமா? அப்படியானால் இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நோ முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போய், விறைப்பும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருந்தால் முதுகெலும்பு நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டிலும் இடுப்புப் பக்கத்தில் ஷொக்வேவ் அடித்துப் பலன் இல்லை. எங்கள் ஆட்கள் பலர் 'நாரி நோ' என்று சொல்லி உள்ளே போய், முதுகு எக்ஸ்ரேயோடு வெளியே வருவார்கள். அதனால்தான் ஒரு விரலால் தொட்டுக் காட்டச் சொல்கிறேன்.

விழுந்த பிறகு அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை, காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து சுடுகிறது, எப்படிப் படுத்தாலும் இரவு நோ குறையவில்லை, காரணம் இல்லாமல் உடம்பு மெலிகிறது, முன்பு புற்றுநோய் வந்திருக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் மெசினைப் பற்றி யோசிக்காமல் உடனே டொக்டரைப் பாருங்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

யாரிடம் போவது

குடும்ப டொக்டரிடம் தொடங்கினால் போதும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வாதநோய் நிபுணர். இலங்கையில் வாதநோயும் புனர்வாழ்வு மருத்துவமும் ஒரே துறையாக இருப்பதால், பிசியோதெரபிக்கு அனுப்பும் வழியும் அவரிடமே கிடைக்கும். எலும்புச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் போனாலும் பிழை இல்லை.

அரச வழியில் போகிறவர்களுக்குக் கொழும்பு தேசிய வைத்தியசாலை, தெஹிவளை, வெள்ளவத்தைப் பக்கத்தவர்களுக்குக் களுபோவில. வெளிநோயாளர் பிரிவில் காட்டி கிளினிக்குக்குத் துண்டு வாங்க வேண்டும். காலையில் நேரத்துக்குப் போங்கள், கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீர்கள். ஷொக்வேவ் வேண்டுமென்றால் அங்கே பிசியோதெரபிப் பிரிவில் நேரடியாக விசாரியுங்கள். தனியார் வழியில், வழக்கம்போல் சனல் பண்ணிப் போகலாம். அசிரி, டர்டன்ஸ், நவலோக, லங்கா ஹொஸ்பிட்டல்ஸ் போன்ற பெரிய இடங்களில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. தனி பிசியோதெரபி நிலையங்களும் நகரம் முழுக்க இருக்கின்றன. மெசின் வைத்திருக்கிற எல்லோரும் தகுதியானவர்கள் இல்லை. பிசியோதெரபிஸ்டுகளையும் இலங்கை மருத்துவ சபையே பதிவு செய்கிறது. "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எக்ஸ்ரேயில் பர்சைட்டிஸ் தெரியாது. மூட்டுத் தேய்மானம், எலும்பு வெடிப்பு இல்லை என்று உறுதிப்படுத்தவே அதை எடுப்பார்கள். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் பர்சா என்ற அந்த நீர்ப்பையும், தசையை எலும்போடு பொருத்துகிற தசைநாணும் தெரியும். ஆனால் நோவே இல்லாதவர்களின் ஸ்கேனிலும் தசைநாண் மாற்றங்கள் இருப்பது சகஜம், ஆகவே ரிப்போட்டைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

பர்சாவா, தசைநாணா

பர்சா என்பது எலும்புக்கும் தசைக்கும் இடையில் உராய்வைக் குறைக்கிற சின்ன நீர்ப்பை. பல காலமாக இந்த நோவுக்கு அதன் வீக்கமே காரணம் என்று நினைத்தார்கள். ஸ்கேன் வசதிகள் வந்த பிறகு வேறு கதை தெரிந்தது. பெரும்பாலானவர்களுக்கு அந்த எலும்பு முட்டில் வந்து பொருந்துகிற பிட்டத் தசைகளின் தசைநாண்தான் நலிந்திருக்கிறது. பர்சா வீங்கினாலும் அது துணைக்கு வந்ததுதான். 40 முதல் 60 வயதுப் பெண்களிடம் இது அதிகம். இப்போது மருத்துவர்கள் பலர் இதற்கு 'இடுப்பு வெளிப்பக்க நோ' என்ற பொருளில் பொதுவான பெயர் ஒன்றை வைத்திருக்கிறார்கள்.

இதை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? வீக்கம் மட்டும் என்றால் வீக்கத்தை வற்றவைத்தால் போதும். நலிந்த தசைநாண் என்றால் அதற்கு மெதுவாகப் பாரம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். எந்த மெசினும் அந்த மாதங்களை உங்களுக்காகக் கடந்து தராது.

மெசின் என்ன செய்கிறது

சிறுநீரகக் கல் உடைக்கிற அதிர்வலைச் சிகிச்சைதான் இதன் மூத்த உறவு. அதை முதன்முதலில் 1980இல் ஜெர்மனியின் மியூனிக்கில் ஒரு நோயாளிக்குச் செய்தார்கள். கல்லை உடைக்கிறது என்றால் எலும்பையும் உடைக்குமோ என்று பலர் கேட்கிறார்கள். உடைக்காது. இங்கே பயன்படும் சக்தி மிகக் குறைவு.

இரண்டு வகை மெசின் உண்டு. ஒன்றில் அமுக்கிய காற்று ஒரு சின்ன உலோகக் குண்டைக் கைப்பிடிக்குள் முன்னே தள்ளி மோதவைக்கும். அந்த அதிர்வு தோலில் இருந்து உள்ளே பரவிப் பரவிக் குறையும். இதற்கு ரேடியல் என்று பெயர். மற்றது ஃபோகஸ்ட், அலையை உள்ளே குறிப்பிட்ட ஆழத்தில் குவிக்கும், விலையும் கூட. இடுப்புப் பக்க நோவுக்கான முக்கியமான ஆராய்ச்சி ரேடியலில்தான் நடந்தது. ஆகவே ரேடியல்தான் இருக்கிறது என்று சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கிறது என்பது முழுதாக இன்னும் விளங்கவில்லை. நோவைக் கடத்தும் நரம்பு முனைகள் மந்தமாகின்றன, அந்த இடத்தில் புது இரத்தக் குழாய்களும் ஆறும் வேலையும் தூண்டப்படுகின்றன என்பவையே இப்போதைக்கு உள்ள விளக்கங்கள்.

பலன் எவ்வளவு? 2009இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆராய்ச்சியில் 229 பேரை மூன்று குழுவாக்கி, ஒரு குழுவுக்கு வீட்டுப் பயிற்சி, ஒரு குழுவுக்கு ஸ்டெரொயிட் ஊசி, ஒரு குழுவுக்கு ரேடியல் ஷொக்வேவ் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 75 வீதம் பேர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஷொக்வேவில் 13 வீதம், பயிற்சியில் 7 வீதம்தான். நாலு மாதத்தில் ஷொக்வேவ் 68, ஊசி 51, பயிற்சி 41. பதினைந்து மாதத்தில் பயிற்சி 80, ஷொக்வேவ் 74, ஊசி 48. போலி மெசின் வைத்து ஒப்பிட்ட குழு அதில் இல்லை, அது ஒரு குறை. இங்கிலாந்தில் சிகிச்சைகளின் சான்றுகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் 2011இல் இந்தச் சிகிச்சைக்கான சான்றுகள் தரத்திலும் அளவிலும் குறைவு என்றே சொன்னது. என்றாலும் அந்த மூன்று வரிசை எண்களையும் இன்னொரு தடவை பாருங்கள். ஒரு மாதத்தில் தோற்ற பயிற்சி கடைசியில் முன்னுக்கு நிற்கிறது. ஷொக்வேவ் நடுவில் கைகொடுக்கிறது. என் கணக்கில் மெசினின் இடம் அதுதான்: பயிற்சி பலன் தரும் வரைக்குமான நாட்களைத் தாங்கவைப்பது. பயிற்சியே செய்யாமல் மெசினுக்கு மட்டும் போவதற்கு நான் காசு செலவழிக்க மாட்டேன்.

உங்களுக்குச் செய்யலாமா

கர்ப்பமாக இருந்தால் வேண்டாம். இரத்தம் உறையாத நோய் இருந்தாலோ, வார்ஃபரின் போன்ற இரத்தத்தை மெல்லியதாக்கும் மருந்து எடுத்தாலோ முதலில் டொக்டரிடம் கேட்க வேண்டும். மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது. அந்த இடத்தில் கட்டி, கிருமித் தொற்று, ஆறாத புண் இருந்தால் கூடாது. பேஸ்மேக்கர், செயற்கை இடுப்பு மூட்டு இருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதே இடத்தில் ஸ்டெரொயிட் ஊசி போட்டு ஆறு வாரம் ஆகவில்லை என்றால் பொதுவாகத் தள்ளிப்போடுவார்கள்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. ஷொக்வேவ் சீனியைக் கூட்டாது, ஸ்டெரொயிட் ஊசி சில நாட்களுக்குக் கூட்டும். இரண்டில் எது என்று தீர்மானிக்கும்போது இதையும் டொக்டரோடு பேசுங்கள்.

பதிவு செய்வதற்கு முன் போனில் கேட்க வேண்டியவை

எந்த வகை மெசின், ஒரு தடவைக்கு எவ்வளவு, முதல் பரிசோதனைக்குத் தனிக் கட்டணமா, பயிற்சியும் சொல்லித் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு "அது தேவையில்லை, மெசினே போதும்" என்று பதில் வந்தால் வேறு இடம் தேடுங்கள்.

பத்துத் தடவைக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றால் அவசரப்பட வேண்டாம். மேலே சொன்ன ஆராய்ச்சியில் வாரம் ஒன்றாக மூன்று தடவைதான் செய்தார்கள். பொதுவாக மூன்று முதல் ஐந்து தடவைக்குள் முடியும். தடவைக்குத் தடவை கட்டுங்கள்.

வாரத்துக்கு ஒருநாள் என்பதால் நாட்காட்டியையும் பாருங்கள். போயா நாளில் அரச கிளினிக் இல்லை. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் தனியார் இடங்களிலும் ஆள் குறைவு. பெண்கள் பெண் பிசியோதெரபிஸ்ட் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடலாம், வீட்டு ஆள் ஒருவர் கூட இருக்கலாமா என்றும் கேட்கலாம். இடுப்பின் பக்கத்தோலைத் திறந்துதான் செய்ய வேண்டும்.

அந்த நாளில்

இடுப்பில் இலாஸ்டிக் உள்ள லூசான உடுப்பு நல்லது. சேலையும் இறுக்கமான ஜீன்ஸும் உங்களுக்கும் அவர்களுக்கும் சிரமம். சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரிப்போட்டும் நீங்கள் எடுக்கிற மருந்துகளின் துண்டும் கையில் இருக்கட்டும்.

நோகாத பக்கம் கீழே வரும்படி கட்டிலில் படுக்கச் சொல்வார்கள். முழங்கால்களுக்கு இடையில் தலகணி தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். விரலால் அழுத்தி அதிகம் நோகும் இடத்தைக் கண்டுபிடித்து, ஜெல் பூசி, துப்பாக்கி போன்ற கைப்பிடியை வைப்பார்கள். தட் தட் தட் என்று சத்தம் வரும். சுமார் 2000 அடி; விநாடிக்கு எட்டு அடி என்றால் நாலு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட. ஆயத்தம் எல்லாம் சேர்த்துக் கால் மணித்தியாலம் என்று வையுங்கள்.

நோகுமா? நோகும். தாங்கக்கூடிய நோ. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். பத்துக்கு ஐந்து, ஆறு என்ற அளவைத் தாண்டினால் சொல்லுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டாம். உங்கள் பதிலை வைத்துத்தான் சரியான இடமும் அழுத்தமும் தீர்மானிக்கப்படுகின்றன. மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு செய்தால் பலன் குறையலாம் என்பதால் பொதுவாகப் போடுவதில்லை. செய்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால் "ரிதெனவா" என்றால் நோகிறது, "டிக்கக் அடு கரன்ன" என்றால் கொஞ்சம் குறையுங்கள். இந்த இரண்டும் போதும்.

முடிந்ததும் எழும்பி நடக்கலாம். சிலருக்கு உடனே இலேசாக இருக்கும். அந்த மகிழ்ச்சியில் காலிமுகத்திடல் முழுக்க நடக்கப் போகாதீர்கள். அன்று இரவோ மறுநாளோ நோ கொஞ்சம் கூடுவது சாதாரணம். தோல் சிவக்கலாம், சின்னதாகக் கன்றலாம். இரண்டு நாள் பாரமான வேலை, ஓட்டம் வேண்டாம், சாதாரண நடமாட்டம் சரி. நோவுக்குப் பரசிட்டமோல் போதும். டைக்குளோஃபினாக், இபுபுரோஃபென் வகைகளைத் தவிர்க்கச் சொல்வது பல பிசியோதெரபிஸ்டுகளின் வழக்கம், ஆறும் வேலையை அவை தடுக்கலாம் என்ற எண்ணத்தில். வேறு நோய்க்காக டொக்டர் தந்திருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். வீட்டுக்கு பஸ்ஸில் நின்றுகொண்டு போவதை விட ஓட்டோ நல்லது, அதுவும் முடிந்தால் அலுவலகம் விடுகிற நேரத்துக்கு முன்.

வீட்டில்: உண்மையான வேலை இங்கேதான்

தசைநாணை எலும்போடு அழுத்துகிற நிலைகளை முதலில் குறைக்க வேண்டும். தொடை உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும்போதெல்லாம் அந்தத் தசைநாண் தூணைச் சுற்றி இறுக்கிய கயிறு போல எலும்பில் அழுந்துகிறது. எங்கள் வாழ்க்கையில் அது எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள்.

கதிரையில் கால்மேல் கால் போடுவது. கோயிலிலும் கலியாண வீட்டிலும் இரண்டு காலையும் ஒரே பக்கமாக மடித்துத் தரையில் இருப்பது. தொழுகையில் ஒரு பக்கம் சாய்ந்து இருக்கும் இருப்பும் சிலருக்கு நோவைக் கூட்டும். கதிரையில் இருந்து தொழலாம். பிள்ளையை ஒரு பக்க இடுப்பில் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கத்தைத் தள்ளி நிற்பது. கோயில் வரிசையிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒரு காலில் தொங்கி நிற்பது. இதுதான் நம்மை அறியாமலே நாள் முழுக்க நடக்கிறது. இரண்டு காலிலும் பாரத்தைப் பகிர்ந்து நில்லுங்கள். மிகத் தாழ்வான செட்டியில் இருக்க வேண்டாம், முழங்காலை விட இடுப்பு கொஞ்சம் உயர்ந்திருக்கும் கதிரை நல்லது.

இரவில் நோகும் பக்கம் படுக்க வேண்டாம். நல்ல பக்கம் படுத்தாலும் மேலே இருக்கிற கால் முன்னே விழுந்து தசைநாணை இழுக்கும். முழங்காலில் இருந்து கணுக்கால் வரை தாங்கும்படி தலகணி வையுங்கள். ஒன்று போதாது, இரண்டு வேண்டியிருக்கும். மெத்தை கடினமாக இருந்தால் மேலே ஒரு மடித்த போர்வை.

நடக்கலாம், ஆனால் தட்டையான இடத்தில். வெள்ளவத்தை, தெஹிவளைக் கடற்கரை மணல் ஒரு பக்கம் சரிந்திருப்பதால் இந்த நோவுக்கு நல்லதல்ல. சுதந்திர சதுக்கத்து நடைபாதை நல்ல தெரிவு. லிஃப்ட் இருந்தால் இப்போதைக்கு லிஃப்ட். படி ஏறத்தான் வேண்டுமென்றால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலை முதலில் வையுங்கள்.

அப்புறம் பயிற்சி. முதல் இரண்டு வாரம் எளியவை போதும். மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, முழங்காலுக்குச் சற்று மேலே இரு தொடைகளையும் சுற்றி ஒரு பெல்ட்டையோ பழைய சால்வையையோ கட்டுங்கள். கால்கள் இடுப்பளவு விரிந்திருக்கட்டும். பெல்ட்டை வெளியே தள்ளுவது போல மெதுவாக அழுத்தி, சில விநாடி வைத்திருந்து விடுங்கள். முழுப் பலத்தையும் போட வேண்டாம். அடுத்தது அதே நிலையில் பிட்டத்தை மெதுவாக உயர்த்தி இறக்குவது. மூன்றாவது, கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பது, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு. இவை பழகியதும் பிசியோதெரபிஸ்ட் பக்கவாட்டு நடை, படியேற்றம், ரப்பர் பட்டி என்று கூட்டிக்கொண்டு போவார்.

பயிற்சியின்போது கொஞ்சம் நோ வருவது தப்பில்லை. அன்று இரவு நோ கூடாமல், மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்திருந்தால் அளவு சரி. கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

யூடியூபில் இதற்கென்று காட்டுகிற பல வீடியோக்களில் காலைக் குறுக்கே போட்டு வெளிப்பக்கத்தை இழுக்கிற ஸ்ட்ரெச் வரும். செய்யும்போது சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அது மேலே சொன்ன அதே அழுத்தம். விட்டுவிடுங்கள்.

பயிற்சிக்கு இவ்வளவு இடம் ஏன் என்றால், 2018இல் அவுஸ்திரேலியாவில் 204 பேரை வைத்து நடந்த ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. எதைத் தவிர்ப்பது என்ற விளக்கமும் தினப் பயிற்சியும் பெற்றவர்களில் 77 வீதம் பேர் எட்டு வாரத்திலேயே தேறினார்கள். ஊசி போட்டவர்களில் 58 வீதம், ஒன்றும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 29 வீதம். ஜெர்மன் ஆராய்ச்சியில் பயிற்சி ஒரு மாதத்தில் 7 வீதம்தானே என்று கேட்கலாம். அங்கே கொடுத்த பயிற்சிகளில் இழுக்கிற ஸ்ட்ரெச்சும் இருந்தது. இங்கே அழுத்தத்தைத் தவிர்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள், பிசியோதெரபிஸ்ட் கூட இருந்து படிப்படியாகக் கூட்டினார்.

எப்போது கணக்குப் பார்ப்பது

மூன்றாவது தடவை முடிந்த மறுநாளே "ஒன்றும் மாறவில்லையே" என்று முடிவு கட்டாதீர்கள். ஷொக்வேவின் பலன் பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில்தான் தெரியவரும். ஒரு கொப்பியில் வாரம் ஒருமுறை மூன்று விஷயம் குறியுங்கள்: இரவில் எத்தனை தடவை நோவால் எழும்பினீர்கள், ஒரு காலில் 30 விநாடி நிற்க முடிகிறதா, படியேறும்போது பத்துக்கு எவ்வளவு நோ. நோ மெதுவாகக் குறையும்போது நமக்கே அது தெரியாது, கொப்பியில் தெரியும்.

பயிற்சியும் செய்து, நிலைகளையும் மாற்றி, ஷொக்வேவும் முடித்து, மூன்று நாலு மாதம் ஆகியும் அந்தக் கொப்பியில் எண்கள் அசையவில்லை என்றால் இன்னும் ஐந்து தடவைக்குக் காசு கட்டாதீர்கள். கொப்பியோடு நிபுணரிடம் திரும்பப் போங்கள். தசைநாண் கிழிந்திருக்கிறதா, நோ உண்மையில் முதுகில் இருந்தோ மூட்டில் இருந்தோ வருகிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவையா என அவரிடம் கேளுங்கள். ஷொக்வேவ் செய்த தேதிகள், மெசின் வகை, அழுத்தம் எத்தனை 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு), எத்தனை அடி என்பதை சிகிச்சை முடிந்த நாளிலேயே நிலையத்தில் எழுதி வாங்கி வைத்திருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.